விரைவின் பரிபாஷை: இணையத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் வழங்கும் குழூஉக்குறிகள்

ஒரு தொழிலையோ ஒரு கூட்டத்தையோ சேர்ந்தவர்கள், உலகத்தார் வழங்கும் பெயரை விலக்கித் தமக்குள் மட்டும் விளங்கும்படி வேறொரு பெயரால் ஒரு பொருளைச் சுட்டுவதைக் குழூஉக்குறி என்று பெயரிட்டு, இடக்கரடக்கலோடும் மங்கலத்தோடும் சேர்த்துத் தகுதி வழக்கின் மூன்று பிரிவுகளுள் ஒன்றாக வைத்தது நன்னூல். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், யானைப் பாகர் ஆடையைக் காரை என்பதும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பதும் இதற்குப் பரம்பரையாகக் காட்டப்பட்டுவரும் உதாரணங்கள். அயலார் அருகில் இருக்கும்போதே அவர் அறியாவண்ணம் ஒன்றைப் பேசிக்கொள்ள வேண்டிய அவசியமே இத்தகைய சொற்களைப் பிறப்பிக்கிறது என்பது பொதுவான அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம் பொற்கொல்லர் விஷயத்தில் முற்றிலும் பொருந்தக்கூடும். ஆனால் மறைக்க வேண்டிய இரகசியம் யாதொன்றும் இல்லாத ஒரு கூட்டத்தார், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே, பல தேசங்களிலும் சிதறிக் கிடந்தபடியே, சென்ற முப்பது ஆண்டுகளுக்குள் ஒரு முழுப் பரிபாஷையைச் சமைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அதை அளித்தது மறைப்பின் தேவையைக் காட்டிலும் நேரத்தின் பஞ்சமே என்பதும், எந்த வாயில் வழியே சொல் வெளிப்பட வேண்டியிருந்ததோ அந்த வாயிலே சொல்லின் வடிவத்தை நிர்ணயித்தது என்பதும் இக்கட்டுரையில் நான் நிலைநாட்ட விரும்புபவை.

ஷூட்டர் கேம் என்று இளைஞர்கள் வழங்கும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுள், வெவ்வேறு ஊர்களில் தத்தம் கணினியின் முன்னோ கைப்பேசியின் முன்னோ அமர்ந்த பலர் இணையத்தின் வழியே ஒரே களத்தில் சந்தித்து ஆடுபவையே இங்கே பேசப்படும் பொருள். இவற்றின் மூதாதை என்று சொல்லத் தக்கது, 1973-74 ஆண்டுகளில் அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சிக்கு வந்திருந்த மாணவர்கள் இம்லாக் கணினியில் உருவாக்கிய மேஸ் வார் என்னும் விளையாட்டு. இரண்டு கணினிகளை இணைத்துவிட்டால் இருவர் ஒரு புதிர்வழிக்குள் ஒருவரையொருவர் தேடிச் சுடலாம் என்ற கற்பனை அங்கேதான் முதலில் செயலுருப் பெற்றது. ஆயினும் பரிபாஷை தோன்றுவதற்கு விளையாட்டு மட்டும் போதாது. அதை ஓயாமல் ஆடிப் பழகும் ஒரு சமூகமும் வேண்டும். அச்சமூகம் திரளத் தொடங்கியது 1993 டிசம்பர் 10 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் இட் சாஃப்ட்வேர் நிறுவனத்தார் டூம் விளையாட்டை வெளியிட்ட பிறகே. நால்வர் வரை ஒரு கணினி வலையில் இணைந்து ஆடக்கூடிய அவ்விளையாட்டு, பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலும் வலையமைப்பையே திணறச் செய்து, அங்கங்கே தடைசெய்யப்படும் அளவுக்குப் பரவியது. அணி சேராமல் எல்லாரும் எல்லாரையும் சுட்டு வீழ்த்தும் ஆட்டத்துக்கு டெத்மேட்ச் என்ற பெயரை அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ரொமேரோ இட்டார். அப்பெயர் இன்றுவரை மாறவில்லை.

டூம் விளையாட்டில் ஒருவன் எத்தனை பேரை வீழ்த்தினான் என்ற கணக்குக்கு ஃப்ராக் என்று பெயர். இச்சொல்லின் சரித்திரம் நெஞ்சை உறுத்துவது. வியட்நாம் யுத்தத்தின் பிற்பகுதியில், தம்மை வீணே சாவுக்கு அனுப்புவதாகத் தாம் கருதிய மேலதிகாரிகளின் கூடாரத்துக்குள் அமெரிக்கச் சிப்பாய்கள் சிலர் சிதறுகுண்டை எறிந்து கொன்ற துயரச் செயலுக்கு, அக்குண்டின் பெயரையே குறுக்கிச் சிப்பாய்கள் இட்ட பெயர் அது. சாட்சி சொல்ல ஆளில்லாத, கைரேகை மிஞ்சாத ஒரு கொலை முறையைக் குறித்த சொல், இருபது ஆண்டுகள் கழிந்ததும், மாணவர் விடுதி அறைகளில் வெற்றிப் புள்ளியை எண்ணும் அலகாகிவிட்டது. பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே சுடுவதைக் குறிக்கும் ஸ்ட்ரேஃப் என்ற சொல்லும் இப்படியே யுத்தகளத்திலிருந்து வந்தது. முதல் உலக யுத்தத்தின் தொடக்கத்தில், இங்கிலாந்தைக் கடவுள் தண்டிக்கட்டும் என்று ஜெர்மானியர் எழுப்பிய கோஷத்தில் தண்டித்தல் என்று பொருள்பட்ட வினைச்சொல் அது. எதிரியின் வாய்ச்சொல்லையே ஆங்கிலச் சிப்பாய்கள் எடுத்துக்கொண்டு, வானிலிருந்து தாழப் பறந்து தரையைச் சுட்டுத் தள்ளுவதற்குப் பெயராக்கினர். விளையாட்டிலோ, திரும்பாமல் இடமோ வலமோ ஓர் அடி ஒதுங்குவது என்ற அளவுக்கு அது அடங்கிப் போயிற்று. வன்மத்தில் பிறந்த சொற்கள் வழக்கில் தேயத் தேயத் தம் பிறப்பை மறந்துவிடும் என்பது பாஷை ஆராய்ச்சியாளர் அறிந்ததே. ஆனால் அச்சொற்களை நாள்தோறும் உச்சரிப்பவர்களாவது அப்பிறப்பை ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

1996 ஜூன் மாதத்தில் டூமை வெளியிட்ட நிறுவனத்தாரின் குவேக் விளையாட்டு வெளிவந்தது. அதனுடன் இணையத்தில் அந்நியர்கள் சந்தித்து ஆடும் வழக்கமும் வலுத்தது. அந்நாளில் பேசுவதற்கு இருந்த ஒரே வாயில் விசைப்பலகை. ஓடுவதற்கும் குதிப்பதற்கும் ஆயுதம் மாற்றுவதற்கும் உரிய விசைகளே எழுத்துகளுக்கும் உரியவை. ஆதலால் செய்தி எழுதத் தொடங்கிய கணத்திலிருந்து அதை அனுப்பி முடிக்கும் கணம் வரை ஆட்டக்காரனின் உருவம் களத்தின் நடுவே அசையாது நிற்கும். எழுதி முடிப்பதற்குள் சுடப்பட்டு வீழ்ந்தவர் கணக்கற்றோர். தந்தி நிலையங்களில் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்த காலத்தில் மக்கள் எப்படி வாக்கியத்தைச் சுருக்கினார்களோ அப்படியே இங்கும் சுருக்கினார்கள். வேறுபாடு, இங்கே எழுத்துக்கு எழுத்து விலையாகக் கொடுக்கப்பட்டது ஆட்டத்தின் உயிர். நல்ல ஆட்டம் என்பது ஜிஜி ஆயிற்று. நல்வாய்ப்புக் கிட்டட்டும், மகிழ்ந்து ஆடுங்கள் என்ற முகமன் ஜிஎல் ஹெச்எஃப் என நான்கெழுத்தில் அடங்கிற்று. நன்றாக ஆடினாய் என்பது டபிள்யூபி. நல்ல முயற்சி என்பது என்டி. இருக்கையை விட்டு எழுந்து போயிருக்கிறேன் என்பது ஏஎஃப்கே. தன் அணியானையே சுட்டுவிட்ட குற்றம் டிகே. அமெரிக்கத் தந்திக்காரர் வால்டர் ஃபிலிப்ஸ் 1879இல் பத்திரிகைச் செய்திகளை அனுப்புவதற்கென்று வெளியிட்ட சுருக்கெழுத்துத் தொகுதியும் இதே நெருக்கடியில் பிறந்ததே. ஆனால் அதை ஒருவர் அமர்ந்து எழுதினார். இதை எவரும் அமர்ந்து எழுதவில்லை.

அவசரம் பிழையையும் பிறப்பிக்கும். இந்தப் பரிபாஷையின் விசேஷம், பிழையைத் திருத்தாமல் சொல்லாகவே ஏற்றுக்கொண்டது. எதிரியை முற்றாக வென்று அடிமைகொண்டேன் என்ற பொருளில் ஓன் என்று தட்ட முனைந்தவரின் விரல், ஆங்கில விசைப்பலகையில் ஓ எழுத்துக்கு அடுத்திருக்கும் பீ எழுத்தில் விழுந்ததால் ப்வ்ன் என்றொரு சொல் உண்டாகி, உச்சரிக்கும் விதமே நிச்சயப்படாமல் உலகெங்கும் வழங்கியது. ஆச்சரியக்குறியும் ஒன்று என்ற எண்ணும் ஒரே விசையில் இருப்பதால், ஆவேசத்தில் ஆச்சரியக்குறிகளை அடுக்கியவனின் வரிசையில் ஷிஃப்ட் விசையிலிருந்து விரல் நழுவிய இடத்தில் ஒன்றுகள் முளைத்தன. பிறகு வேண்டுமென்றே ஒன்றுகளை இட்டு ஆவேசத்தைப் பரிகசிக்கும் பழக்கமும் வந்தது. எழுத்துக்குப் பதிலாக அதன் உருவத்தை ஒத்த எண்ணை இடும் லீட் முறை மட்டும் இவர்கள் உற்பத்தி செய்ததன்று; அது 1980களின் கணினி அறிவிப்புப் பலகைக் கூட்டங்களில் தோன்றி, அங்கிருந்து இங்கே குடியேறியது. அந்த ஒரு கிளையில் மட்டும் மறைப்பின் சாயல் உண்டு. தகாத சொற்களைத் தடுக்கும் வடிகட்டிகளிலிருந்து தப்புவதற்கு அது பிற்காலத்தில் கருவியாயிற்று.

பிங் என்ற சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீர்மூழ்கிக் கப்பல்களில் ஒலியை அனுப்பி அதன் எதிரொலி திரும்பிவரும் காலத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் சோனார் கருவியின் ஓசையை நினைவிற் கொண்டு, 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்க அறிஞர், வலையில் ஒரு செய்தித் துணுக்கு மறுமுனை சென்று மீளும் காலத்தை அளக்கத் தாம் எழுதிய சிறு நிரலுக்கு இட்ட பெயர் அது. பொறியாளரின் மேசையில் கிடந்த அப்பெயரைக் குவேக் ஆட்டக்காரர்கள் தம் வாழ்வின் மையமாக்கிக்கொண்டனர். ஏனெனில் தொலைபேசி மோடம் வழியே ஆடியவனுக்கு அக்காலம் மில்லிசெகண்டில் இருநூறு முந்நூறு என நீண்டது. பல்கலைக்கழகத்தின் விரைவு இணைப்பில் ஆடியவனுக்கோ அதில் ஒரு சிறு பகுதியே. முன்னவன் விசையை அழுத்தும்போது பின்னவன் அவ்விடத்தை விட்டு நீங்கியிருப்பான். இந்த ஏற்றத்தாழ்வு ஒரு வசைச்சொல்லைப் பெற்றெடுத்தது: குறைந்த பிங் வாய்த்த பாவி என்ற பொருளில் எல்பிபி என்று வசதியுள்ளோரை ஏசினர், அவர்களும் பதிலுக்கு ஹெச்பிபி என்றனர். இணைய வசதியின் வேறுபாடு மனிதரைச் சாதி பிரித்துப் பெயரிட்டதற்கு இதைவிடப் பழைய சான்று ஒன்றை நான் அறியேன். இட் சாஃப்ட்வேரைச் சேர்ந்த ஜான் கார்மாக் 1996 டிசம்பரில் குவேக்வேர்ல்ட் என்ற திருத்தத்தை வெளியிட்டு, மறுமுனையின் விடைக்குக் காத்திராமல் ஆட்டக்காரனின் அசைவை அவன் கணினியே முன்னூகித்துக் காட்டும் முறையைப் புகுத்தியபின் அந்த இடைவெளி சுருங்கியது. இணைய வசதி பெருகப் பெருக அவ்வசைச் சொற்களும் வழக்கொழிந்தன. தாமதத்தைக் குறிக்கும் லேக் என்ற சொல் மட்டும் விளையாட்டின் எல்லையைத் தாண்டிப் பொதுப் பேச்சில் நிலைத்துவிட்டது.

மின் லே, ஜெஸ் கிளிஃப் என்னும் இளைஞர் இருவர் ஹாஃப்-லைஃப் விளையாட்டின் திருத்தமாகச் சமைத்து 1999 ஜூனில் முன்னோட்டமாக வெளியிட்டதும், 2000 நவம்பரில் வால்வ் நிறுவனத்தார் தம் பெயரில் வெளியிட்டதுமான கவுண்டர்-ஸ்ட்ரைக், இந்தப் பரிபாஷைக்கு இரண்டாவது பிறப்பை அளித்தது. இதிலே இரு அணிகள் மோதுகின்றன. வீழ்ந்தவன் அச்சுற்று முடியும்வரை எழ முடியாது. இந்த ஒரு விதி மொழியின் போக்கையே மாற்றியது. உயிரோடிருப்பவனுக்கு எழுத நேரமில்லை. இறந்தவனுக்கோ எழுதுவதைத் தவிர வேறு வேலையில்லை. இறந்தவன் தான் கண்டதையெல்லாம் உயிரோடிருப்பவனுக்கு எழுதிவிட்டால் ஆட்டம் குலைந்துவிடும் என்பதனால், இறந்தோர் எழுதுவது இறந்தோர்க்கு மட்டுமே தெரியுமாறு ஏற்பாடு செய்து, அவ்வரிகளின் முன்னே இறந்தவர் என்ற அடையாளத்தையும் பொறித்தனர். உயிரோடிருப்பவர்களுக்கென்று மூன்று விசைகளில் அடங்கிய வானொலிக் கட்டளைகள் இருந்தன. விசையை அழுத்தி எண்ணைத் தட்டினால், எதிரியைக் கண்டேன், எனக்குத் துணை வேண்டும், என்னைக் காத்து நில் என்று பதிவு செய்யப்பட்ட குரல் அணியார் காதில் ஒலிக்கும். கையெறிகுண்டை எறியும்போது தானே ஒலிக்கும் எச்சரிக்கை, பாறையில் துளையிட்டு வெடிமருந்துக்குத் தீ வைத்த சுரங்கத் தொழிலாளர் தம் தோழர்களை விலகச் சொல்லிக் கூவிய பழைய வாசகமே. இராணுவத்தின் வழியே அது விளையாட்டுக்கு வந்து சேர்ந்தது.

இனி நான் மிகவும் மதிக்கும் பகுதிக்கு வருகிறேன்: இடப்பெயர்கள். கால்அவுட் என்று ஆட்டக்காரர் வழங்கும் இவையே இந்தப் பரிபாஷையின் சிகரம் என்பது என் தீர்மானம். ஒரு களத்தில் எதிரி எங்கே நிற்கிறான் என்பதை ஒரு வினாடிக்குள் அணியின் மற்ற நால்வருக்கு உணர்த்த வேண்டும். அதற்குக் களத்தின் ஒவ்வொரு மூலைக்கும், ஒவ்வொரு பெட்டிக்கும், ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பெயர் வேண்டும். களத்தைச் சமைத்தவர்கள் அப்பெயர்களை இடவில்லை. டேவ் ஜான்ஸ்டன் அமைத்து 2001இல் வெளிவந்த டஸ்ட் 2 என்ற பாலைவனக் களத்தில், குண்டு வைக்கும் இடங்கள் ஏ, பி என இரண்டு என்பதை மட்டுமே களம் சொல்கிறது. ஏ இடத்துக்குச் செல்லும் நீண்ட வீதி லாங் ஆனதும், ஒடுங்கிய மேட்டு நடைபாதை கேட்வாக் ஆனதும், இருண்ட சுரங்க வழி டனல்ஸ் ஆனதும், பள்ளம் பிட் ஆனதும் ஆட்டக்காரர் இட்ட பெயர்களால். நடுவே கிடக்கும் ஒரு பெரிய பெட்டிக்கு, அந்நாளில் புதிதாய் வந்த விளையாட்டுப் பெட்டியின் பெயரால் எக்ஸ்பாக்ஸ் என்று பெயர்; சுவரில் வாத்தின் சித்திரம் தீட்டிய மூலைக்குக் கூஸ் என்று பெயர். இன்ஃபெர்னோ களத்தில் வளைந்து செல்லும் ஒரு தெரு, வாழைப்பழத்தின் வளைவைக் கண்டு பனானா எனப் பெயர் பெற்று, இன்று அப்பெயராலேயே உலகெங்கும் ஆட்டக்காரரிடையே அறியப்படுகிறது.

மலையையும் ஆற்றையும் மரத்தையும் கண்டு ஊர்களுக்குப் பெயரிட்ட நம் முன்னோரின் முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. கண்ணுக்கு உடனே படுவது எதுவோ அதுவே பெயராகிறது. இன்னொரு வகைப் பெயர் இதனினும் ஆழமானது. பல களங்களில் உயரத்தே நின்று கீழே நோக்கிச் சுடக்கூடிய மேடைக்கு ஹெவன் என்றும், அதற்கு நேர் கீழேயுள்ள இடத்துக்கு ஹெல் என்றும் பெயர். மேலே இருப்பது சுவர்க்கம், கீழே இருப்பது நரகம் என்ற ஆதிகாலத்து உலகக் காட்சி, மதத்தைப் பற்றிய சிந்தனை சற்றும் இல்லாத ஒரு சூழலில், ஒரு களத்துக்கு மட்டுமல்லாமல் எக்களத்துக்கும் பொருந்தும் பொதுப்பெயராக நிலைபெற்றது. அவ்வாறு நிலைபெற்றபின், 2020இல் வெளிவந்த வேலரன்ட் போன்ற பிற்கால விளையாட்டுகளைச் சமைத்தவர்கள், மக்கள் இட்ட அப்பெயர்களையே எடுத்துத் தம் வரைபடங்களில் முதலிலேயே பொறித்து வெளியிட்டார்கள். வழக்கு முந்தியது, இலக்கணம் பிந்தியது. 2016இல் கொலோன் நகரில் நடந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் போட்டியில், சிம்பிள் என்ற புனைபெயர் கொண்ட உக்ரேனிய ஆட்டக்காரர் கேஷ் களத்தின் சுவர்க்க மேடையிலிருந்து விழுந்துகொண்டே குறி பார்க்கும் கண்ணாடியின் துணையின்றிச் சுட்ட அருஞ்செயலின் நினைவாக, அந்த இடத்தின் சுவரிலேயே ஒரு சித்திரத்தைப் பின்னர் வால்வ் நிறுவனம் தீட்டி வைத்தது. வீரர் வீழ்ந்த இடத்தில் கல் நட்ட மரபினரான நமக்கு இதன் பொருள் விளங்காமற் போகாது.

பணத்தைப் பற்றிய சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் ஒவ்வொருவரும் 800 டாலரோடு தொடங்குகிறார். வென்றாலும் தோற்றாலும் சுற்றுக்குச் சுற்றுப் பணம் சேர்கிறது. ஏகே-47 துப்பாக்கிக்கு 2700 டாலர், தொலைவிலிருந்து ஒரே குண்டில் வீழ்த்தும் ஆப் என்ற துப்பாக்கிக்கு 4750 டாலர் என்று 2012இல் வந்த பதிப்பில் விலை. கையிருப்புக் குறைந்த அணி வேண்டுமென்றே ஆயுதம் வாங்காமல் ஒரு சுற்றை விட்டுக்கொடுத்துப் பணம் சேர்ப்பதை ஈகோ என்பர்; இது அகங்காரத்தைக் குறிக்கும் சொல் அன்று, எகானமி என்பதன் தலைப்பகுதி. இருப்பதையெல்லாம் துணிந்து செலவிடுவது ஃபோர்ஸ் பை. பதின்வயதினர் சிக்கனத்தையும் துணிகரத்தையும் எடைபோட்டு ஒரே சொல்லில் ஐவரும் உடன்படுவதைக் கேட்கும்போது, அச்சொற்களின் பின்னே எவ்வளவு கணக்கு ஒளிந்திருக்கிறது என்பது புலப்படும்.

2002 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவை தலையணி ஒலிவாங்கியோடு வந்தது. கணினி ஆட்டக்காரர்களுக்கு டீம்ஸ்பீக் முதலிய நிரல்களும், 2015இல் டிஸ்கார்டும் கிடைத்தன. குரலுக்கு வாயில் திறந்ததும் எழுத்துச் சுருக்கங்களின் அவசியம் குறைந்தது. அவற்றின் இடத்தில் உருவானது, வினைச்சொல் ஏறக்குறைய இல்லாத ஒரு வாக்கிய அமைப்பு. எண், இடம், நிலை என்ற மூன்றே அதன் உறுப்புகள். இருவர், லாங், ஒருவன் எண்பத்து நான்கு. அதாவது நீண்ட வீதியில் இருவர் உள்ளனர், அவர்களுள் ஒருவனுக்கு நூறு உயிர்ப்புள்ளியில் எண்பத்து நான்கை நான் குறைத்துவிட்டேன், இன்னும் ஒரு குண்டு பட்டால் வீழ்வான் என்பது முழுப் பொருள். அச்சமோ ஆச்சரியமோ அதில் கலந்தால் பயன் கெடும்; தேர்ந்த அணிகளின் பேச்சைக் கேட்டவர்கள், களத்தில் நெருக்கடி முற்ற முற்றக் குரல்கள் அடங்கிச் சொற்கள் குறைவதைக் கவனித்திருப்பார்கள். ஒருவனே மிஞ்சிப் பலரை எதிர்கொள்ளும் கிளட்ச் என்ற சந்தர்ப்பத்திலோ, எதிரியின் காலடி ஓசை அவனுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக மற்றவர் முற்றிலும் மௌனமாகிவிடுவது மரியாதை.

இச்சொற்கள் ஆங்கிலத்தில் பிறந்தவையாயினும் சென்ற இடத்தின் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டே வாழ்கின்றன. பாய்ந்து தாக்குவதைக் குறிக்கும் ரஷ் என்ற சொல்லை ரஷ்யர் ராஷித் என்றும், பிரேசில் நாட்டார் ஹஷார் என்றும், ஸ்பானியர் ரஷியார் என்றும் தத்தம் வினை விகுதி சேர்த்து முழு வினையாக்கிக்கொண்டனர். ஒளிந்து காத்திருப்பதைக் குறிக்கும் கேம்ப் என்பதற்கு ஜெர்மானியர் தம் முறைப்படி இறந்தகால முன்னொட்டும் சேர்த்தனர். கொரியர், ஜிஜி என்ற ஒலியைத் தம் எழுத்தில் எழுதி, அதிலிருந்து உயிரையும் நீக்கி, மெய் இரண்டை மட்டும் தட்டுகிறார்கள். சுருக்கத்தைச் சுருக்கியது அது. சீனரின் பிரயோகம் வேறொரு வழியில் சென்றது. பப்ஜி என்னும் விளையாட்டில் வென்றவரை வாழ்த்தும் கோழி விருந்து வாசகத்திலிருந்து, கோழி தின்பது என்று பொருள்படும் சீ ஜி என்ற தொடர் அவ்வகை விளையாட்டு முழுமைக்குமே பெயராகிவிட்டது. அணிக்கு ஐவர் ஆடும் ஆட்டத்தில் எவர் கணக்கிலும் சேராமல் பதுங்கித் திரிபவனை ஆறாமவன் என்ற பொருளில் லாவ் லியோ என்று வழங்கத் தொடங்கி, இன்று சூழ்ச்சிக்காரன் எவனுக்கும் அது பொதுப்பெயராயிற்று.

தமிழ்நாட்டில் இப்பரிபாஷை பெருவாரியாகப் புகுந்தது கணினி வழியே அன்று. 2018 மார்ச்சில் வெளிவந்த பப்ஜி மொபைல் வழியே. நூறு பேர் ஒரு தீவில் குதித்து, குறுகிவரும் வட்டத்துக்குள் கடைசி ஒருவர் அல்லது ஓர் அணி மிஞ்சும்வரை போரிடும் அந்த விளையாட்டை, 2020 செப்டம்பர் 2 அன்று 118 செயலிகளுள் ஒன்றாக மத்திய அரசு தடைசெய்தது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் அது வேறு உருவில் திரும்பியது. தடையால் விளையாட்டு நின்றாலும் சொற்கள் நிற்கவில்லை. தமிழ் இளைஞர் பேச்சில் நான் காணும் இலக்கண நுட்பம் ஒன்று உண்டு. உயிர்ப்புள்ளி தீர்ந்து மண்டியிட்டுவிடும் நிலைக்கு நாக் என்று பெயர். தோழன் ஒருவன் அந்நிலையை அடைந்தால் ‘மச்சான் நாக் ஆயிட்டேன்டா’ என்கிறான். எதிரியை அந்நிலைக்கு ஆளாக்கினால் ‘ஒருத்தன நாக் பண்ணிட்டேன்’ என்கிறான். ஆகு, பண்ணு என்ற இரண்டு துணைவினைகளைக் கொண்டு தன்வினை பிறவினை வேறுபாட்டை, எந்த ஆசிரியரும் கற்பிக்காமல், அந்நியச் சொல்லின் மேல் ஏற்றிவிடுகிறான். திரையின் மேலே ஓடும் திசைகாட்டியின் பாகைகளைப் படித்து, ‘240ல ஒருத்தன்’ என்று ஏழாம் வேற்றுமை உருபை எண்ணோடு ஒட்டிச் சொல்கிறான். வாக்கியத்தின் ஈற்றில் வரவேண்டிய வினையை அவசரம் விழுங்கிவிடுகிறது. முன்பின் அறியாதவன் அணியில் சேர்ந்தால் அவன் ப்ரோ. பழகியவன் மச்சான் அல்லது மாப்ள. சொல்லெல்லாம் இரவலாயினும் உறவின் தூரத்தை அளக்கும் வழக்கம் இரவலாகவில்லை. கணினியே ஆட்டும் பொம்மை வீரனைக் குறிக்கும் பாட் என்பது, திறமையற்ற மனிதனையும் குறிக்கும் ஏளனமாக இவர்களிடையே நன்றாக வேரூன்றியிருக்கிறது.

ஏளனம் என்று வந்துவிட்டபின் இப்பரிபாஷையின் இருண்ட பக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. ஆட்டம் முடிந்ததும் இரு தரப்பாரும் ஜிஜி என்று எழுதுவது, கைகுலுக்க இயலாத இடத்தில் கைகுலுக்கலுக்கு ஈடான உயர்ந்த மரியாதை. அதனோடு எளிது என்று பொருள்படும் ஈசீ என்ற இரண்டெழுத்தைச் சேர்த்துவிட்டால், அந்த மரியாதையே தோற்றவனை மிதிக்கும் காலாகிவிடுகிறது. 2016இல் ஓவர்வாட்ச் விளையாட்டை வெளியிட்ட பிளிசார்ட் நிறுவனத்தார், ஒருவர் அவ்வாறு எழுதினால் அவ்வரி எவர் கண்ணுக்கும் படாமல், எழுதியவனே தன்னைக் குறைத்துப் பேசுவதுபோன்ற வேறு வாசகமாக மாறித் தோன்றும்படி செய்தனர்; நல்ல முயற்சி, ஆயினும் வசை வேறு எழுத்துக்கூட்டில் மீண்டும் முளைத்தது. அதனினும் கொடியது குரல் வாயிலில் நிகழ்வது. பெண்குரல் கேட்ட மாத்திரத்தில் இழிசொல் வீசுவோர் எல்லா நாட்டிலும் இருப்பதால், சாமர்த்தியமிக்க பெண் ஆட்டக்காரர் பலர் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு மௌனமாகவே ஆடுகின்றனர். பேச்சே பாதி பலமாக உள்ள ஓர் ஆட்டத்தில் ஒருவரை மௌனமாக்குவது அவர் ஆயுதத்தைப் பிடுங்குவதற்குச் சமம். இதை விளையாட்டுப் பேச்சு என்று சொல்லித் தள்ளிவிடுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இந்த மௌனத்துக்கு ஒரு பரிகாரம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 2019 பிப்ரவரி 4 அன்று வெளிவந்த ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் என்ற மூவர் அணி விளையாட்டில், ஓர் இடத்தையோ ஆயுதத்தையோ எதிரியையோ குறிவைத்து ஒரே விசையை அழுத்தினால், அவ்விடத்தில் ஒரு குறி தோன்றுவதோடு, ஆட்டத்துப் பாத்திரமே அப்பொருளின் பெயரை அணியாருக்கு உரக்கச் சொல்லும். மற்றவர் அதே விசையால் ஆமென்று ஒப்பலாம், அது எனக்கு என்று உரிமை கோரலாம். நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வலைக்கும், வலையிலிருந்து விளையாட்டுக்கும் வந்த பிங் என்ற பழைய பெயரையே இதற்கும் இட்டார்கள். மொழி அறியாதவன், குரலை வெளியிட அஞ்சுபவள், செவிப்புலன் இழந்தவர், பேச இயலாதவர் ஆகிய எல்லாரும் இதனால் சம நிலையில் ஆட முடிந்தது. மற்ற நிறுவனங்கள் விரைவில் இம்முறையைப் பின்பற்றின. இதன் காப்புரிமையை உடைய எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம், ஊனமுற்றோருக்குப் பயன்படும் பிற காப்புரிமைகளோடு சேர்த்து, 2021இல் எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என அறிவித்தது.

எழுத்திலும் குரலிலும் குறியிலுமாக மூன்று வாயில்களைக் கடந்துவிட்ட இந்தப் பரிபாஷை, ஏட்டில் ஏறாமலே பெரும்பாலும் அழிந்துகொண்டிருக்கிறது. குவேக் காலத்து உரையாடல்கள் அச்சேவையகங்களோடு மறைந்தன. குரலில் பேசப்படுபவை பேசிய மறுகணமே இல்லாமற் போகின்றன. தமிழ் இளைஞர் வழக்கில் இவை ஏற்ற உருமாற்றங்களை, ஏழாண்டுக்கு முன் எந்த ஊரில் எப்படிச் சொன்னார்கள் என்று, இன்று கேட்டாலே நினைவுகூர்ந்து சொல்வோர் குறைவு. கரிசல் மண்ணின் பேச்சுச் சொற்களைத் தாமே முனைந்து அகராதியாக்கிய கி. ராஜநாராயணன் காட்டிய வழி நம்மிடம் இருக்கிறது; அதற்குப் பல்கலைக்கழகத்தின் உத்தரவு வேண்டியிருக்கவில்லை. ஆதலால் இவ்விளையாட்டுகளை ஆடிக்கொண்டிருக்கும் வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது: உங்கள் அணியில் வழங்கும் சொல்லையும், அது எந்த விளையாட்டில், எந்த ஆண்டில், எந்த ஊராரிடமிருந்து உங்கள் செவிக்கு வந்தது என்பதையும், வசைச்சொற்களையும் விலக்காமல், இப்போதே ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.